ஏழாம் தேதித் தாள்

என் அண்ணியை அச்சகத்தில் எல்லோரும் புரூப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தினக்காலண்டர் அடிக்கும் அச்சகம் அது. அச்சுக்குப் போவதற்கு முன் முந்நூற்று அறுபத்தைந்து தாள்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துத் தப்பு பொறுக்குவது அவர் வேலை. நானும் அதே அச்சகத்தில்தான், பைண்டிங்கில் இருக்கிறேன். அவர் படித்து முடித்த தாள்கள் கடைசியில் என் மேஜைக்கு வரும். அடுக்கித் தட்டி, தலையில் தகரப் பட்டை வைத்து அழுத்தி, அட்டையில் பொருத்தினால் என் வேலை முடிந்தது. நான் எதையும் படிப்பதில்லை. படித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

எங்கள் காலண்டரில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். துணியில் மை பட்டால் என்ன செய்வது, மரச்சட்டம் வீங்கினால் ஜன்னலை எப்படிச் சாத்துவது என்று வீட்டுக்கு உதவுகிற ஏதாவது ஒன்று. வருடத்தில் ஏறக்குறைய தொண்ணூறு நாள் மட்டும் அந்த இடத்தில் வானத்தைப் பற்றி ஒரு வரி வரும். அதை எழுதுவது அண்ணி. பெயர் போடமாட்டார்கள். சம்பளத்திலும் அது சேராது.

இது ஆரம்பித்த கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் பாதி நாள் ராத்திரி வேலை. எவனாவது எங்காவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பான், இவர் போய் இறக்கிவிட வேண்டும். நாங்கள் குடியிருப்பது நான்காவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. லிஃப்ட் மெக்கானிக் இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது வேறு விஷயம். வீட்டுக்குள் அனலாகக் கொதிக்கும் என்பதால் அண்ணி பாயை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் படுப்பார். தூக்கம் வராது. மேலே பார்த்துக்கொண்டே கிடப்பார். ஒரு மாதம் கழித்து, நேற்று அங்கே இருந்தது இன்று ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார். அண்ணன், "எனக்குக் கேபிள் பிரச்சினையே தலைக்கு மேல இருக்கு" என்றுவிட்டார். அண்ணி நூலகத்தில் புத்தகம் எடுத்தார். அப்புறம் ஆண்டுக்கொரு முறை வருகிற, செங்கல் கனத்தில் ஒரு அட்டவணைப் புத்தகம் வாங்கினார். எந்தக் கிரகம் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எங்கே என்று பக்கம் பக்கமாக எண்கள் மட்டுமே உள்ள புத்தகம். அதைக் கதைப் புத்தகம் மாதிரி உட்கார்ந்து படிக்கிற ஒரே ஆள் என் அண்ணிதான்.

ஒரு வருடம் ஒரு தாளில் வரி விட்டுப்போயிருந்தது. மெஷின் காத்துக்கொண்டிருக்கிறது, எழுதிக் கொடுக்கிறவரைக் காணோம். அண்ணி அந்த இடத்தில் தாமே ஒன்றை எழுதி வைத்தார். ஜனவரித் தாள். "இன்று இரவு எட்டரை மணிக்குத் தென்கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அந்த வரிசையைக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு போனால் வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம் கிடைக்கும்." யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் பத்து வரி, அதற்கடுத்த வருடம் முப்பது. இப்படியே பதினேழு வருடம் ஓடிவிட்டது.

நான் படிப்பதில்லை என்று சொன்னேனே தவிர, ஒரே வீட்டில் இருக்கும்போது காதில் விழாமலா இருக்கும்? சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதி, உரக்கப் படித்து, அடித்துத் திருத்துவார். ஏப்ரல் வந்தால் வடக்கே கரண்டி மாதிரி ஏழு நட்சத்திரங்கள். கரண்டியின் பிடி வளைகிற வளைவிலேயே போனால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி. ஜூலையில் தெற்கே தேள். அதன் நெஞ்சில் சிவப்பாக இருப்பது கேட்டை, அதைச் செவ்வாய் என்று நினைத்து ஏமாறக் கூடாது. ஆகஸ்ட் பாதியில் நள்ளிரவுக்கு மேல் எரிநட்சத்திரம் பார்க்கப் பாயும் பொறுமையும் போதும். அக்டோபரில் தலைக்கு நேர் மேலே ஒரு பெரிய சதுரம் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது, அதுதான் அடையாளம். "ஒண்ணும் இல்லாததைப் பாக்க ஒரு ஆளு மாடிக்கு வரணுமா அண்ணி?" என்று ஒருமுறை கேட்டேன். "வந்து பாத்துட்டுச் சொல்லு தம்பி" என்றார். நான் போகவில்லை. நவம்பரில் கிழக்கே கார்த்திகைக் கொத்து. ஆறு எண்ண முடிந்தால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். டிசம்பர் நடுவில் வருடத்திலேயே நல்ல எரிநட்சத்திர மழை, போர்வை மறக்கக் கூடாது. எனக்கு வானத்தில் தெரிந்தது இரண்டே சங்கதி. நிலா இருக்கிறது, அல்லது நிலா இல்லை.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. அட்டவணைக்கு நள்ளிரவு பன்னிரண்டு அடித்தால் அடுத்த தேதி. மனிதனுக்கு அப்படி இல்லை. தூங்கி எழுந்தால்தான் அடுத்த நாள். ஏழாம் தேதி அதிகாலை பன்னிரண்டு இருபதுக்கு நடக்கிற ஒன்றை ஏழாம் தேதித் தாளில் போட்டால், காலையில் எழுந்து தாளைக் கிழித்துப் படிக்கிறவனுக்கு அது ஏற்கெனவே முடிந்துபோன கதை. அதனால் அண்ணி தமக்கென்று ஒரு விதி வைத்திருந்தார். பன்னிரண்டைத் தாண்டினால் ஒரு தாள் முன்னே போடு. ஆறாம் தேதித் தாளில் "இன்று நள்ளிரவு 12.20" என்று இருந்தால்தான் ஆள் சரியான ராத்திரியில் மாடிக்கு வருவான்.

பதினேழாவது வருடக் கடைசியில் முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார். நானும் அட்டைக் கணக்குச் சொல்ல அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெயிண்ட் கம்பெனி வருடம் முழுக்கத் தேதிக்குக் கீழே தன் விளம்பரம் வர வேண்டும் என்று கேட்கிறதாம்.

"வீட்டுக் குறிப்பை அட்டைக்கு மாத்திடலாம். உங்க நட்சத்திரத்த எடுத்துடலாம்னு இருக்கேன்மா" என்றார்.

"ஏன் சார்?"

"யாரும்மா படிக்கிறா? பதினேழு வருஷத்துல ஒரு லெட்டர்? ஒரு போன்? ஏஜெண்டுங்க ஒருத்தனாவது கேட்டிருக்கானா?"

ஒரு கடிதம்கூட வந்ததில்லை என்பது அண்ணியைவிட யாருக்குத் தெரியும்? முதலாளி கெட்ட மனிதர் இல்லை. "அடுத்த காலண்டர் டிசைன் மார்ச் கடைசியில முடிவாகும். அதுக்குள்ள யாராவது படிக்கிறாங்கன்னு காட்டுங்க, விட்டுடுறேன்" என்றார். அந்த வரியை எடுத்துவிட்டால் தமக்கென்று உலகத்தில் எழுதி வைத்தது எதுவும் இல்லை என்று அண்ணி அண்ணனிடம் அன்று ராத்திரி சொல்லிக்கொண்டிருந்தது முன் அறையில் படுத்திருந்த எனக்குக் கேட்டது.

ஜனவரி முதல் வாரத்தில் அண்ணி புதுக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை புரட்டுவார். வருடா வருடம் செய்வதுதான். மார்ச் ஏழில் கை நின்றுவிட்டது. "தம்பி, இங்க வா" என்றார். குரலே சரியில்லை.

ஏழாம் தேதித் தாளில் இப்படி இருந்தது: "இன்று நள்ளிரவு 12.20 மணிக்கு நிலா செவ்வாயை மறைக்கும். வெறும் கண்ணால் பார்க்கலாம். தவற விடாதீர்கள்." தவற விடாதீர்கள் என்று அண்ணி பதினேழு வருடத்தில் எழுதியதே இல்லை. அவ்வளவு அபூர்வம் போலிருக்கிறது. ஆனால் அது நடக்கப்போவது ஆறாம் தேதி ராத்திரி.

பழைய தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தோம். கையால் எழுதியதில் சரியாக ஆறு என்றுதான் இருந்தது. புரூப் பார்க்கும்போது அட்டவணையையும் தாளையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்திருக்கிறார். அட்டவணையில் ஏழு, தாளில் ஆறு. அவருக்குள் எழுதியவர் தம் விதியை மறந்துபோய், தப்பு பொறுக்குகிறவர் விழித்துக்கொண்டுவிட்டார். ஆறைச் சுழித்து ஓரத்தில் ஏழு என்று அழகாக எழுதியிருந்தது, சிவப்பு மையில். சரியாக இருந்ததைத் திருத்தித் தப்பாக்க ஒரு புரூப் ரீடரால்தான் முடியும். அதை நான் அப்போது சொல்லவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

மறுநாள் முதலாளியிடம் போய் ஒப்புக்கொண்டார். கடைகளுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது அனுப்பலாமா என்று கேட்டார். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நடுராத்திரி பன்னிரண்டரைக்கு எந்திரிச்சு எவன்மா பாக்கப் போறான்? விடுங்க. நாலு லட்சம் காலண்டர்ல இத நீங்க ஒருத்தர்தான் படிச்சிருக்கீங்க" என்றார். திட்டியிருந்தால்கூட அண்ணி தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

அவரால் முடிந்ததைச் செய்தார். மார்ச் ஐந்தாம் தேதி ஒரு வெள்ளைத் தாளில், நிலா செவ்வாயை மறைப்பது ஏழாம் தேதி அல்ல, ஆறாம் தேதி ராத்திரிதான் என்று கையால் எழுதி எங்கள் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினார். எதிர்க் கட்டடத்திலும் ஒன்று ஒட்டினார். பேர் போடவில்லை. வெட்கம்.

ஆறாம் தேதி ராத்திரி அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அண்ணி என்னை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். ஒரு ஈ காக்கை இல்லை. எதிர் மாடியிலும் இல்லை. கிழக்கே தேய்ந்த நிலா, அதன் ஓரத்தை ஒட்டிச் சிவப்பாக ஒரு பொட்டு. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பொட்டு நெருங்கி நெருங்கி வந்து, வெளிச்ச விளிம்பைத் தொட்டு, கரைந்து, இல்லாமல் போனபோது எனக்கே மூச்சு ஒரு நொடி நின்றது. அண்ணி அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. திரும்பித் திரும்பிக் காலியான மாடிகளைத்தான் பார்த்தார்.

"முதலாளி சொன்னது சரிதான் தம்பி. காலண்டர யாராவது படிச்சிருந்தா நோட்டீஸப் பாத்து வந்திருப்பாங்க. யாரும் படிக்கல" என்றார்.

வருத்தம்தான். ஆனால் அதோடு கொஞ்சம் நிம்மதியும் கலந்திருந்தது. யாரும் படிக்கவில்லை என்றால் யாரும் ஏமாறவும் இல்லையே.

அந்த வரி என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அச்சகத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. மதியம்வரை நிற்கவில்லை. முதலாளியே எடுத்து எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். சாயங்காலம் பைண்டிங் பக்கம் வந்து, "இத்தன பேரு இத்தன வருஷமா எங்கய்யா ஒளிஞ்சிருந்தாங்க?" என்று என்னைக் கேட்டார், நான் ஒளித்துவைத்த மாதிரி. பெயிண்ட் கம்பெனிக்கு அட்டையில் இடம் கொடுத்தார்கள். வரி இன்றுவரை வருகிறது. ஆனால் அண்ணிக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஏழாம் தேதி ராத்திரி நடந்ததற்குப் பிறகு எட்டாம் தேதி எதுவும் பெரிதாகப் பட முடியாது.

ஏழாம் தேதி ராத்திரி அண்ணன் வீட்டில் இருந்தார். பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். பதினொன்றே முக்கால் இருக்கும். தலைக்கு மேலே கூரையில் காலடிச் சத்தம். முதலில் ஒரு ஆள், பிறகு நாலைந்து பேர். நாற்காலி இழுபடுகிற சத்தம். ஒரு குழந்தை ஓடியது, யாரோ அதட்டினார்கள்.

அண்ணன் எழுந்து வந்து முன் அறை விளக்கைப் போட்டார். "மேல யாருடா இந்த நேரத்துல? தண்ணித் தொட்டியில எவனாவது கை வைக்கிறானா?"

அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "திருடன் இல்லைங்க. நான் கூப்பிட்டு வந்திருக்காங்க" என்றார்.

"நீயா? எப்ப கூப்பிட்ட?"

"காலண்டர்ல."

மூன்று பேரும் மேலே போனோம். பதினோரு பேர் இருந்தார்கள். இரண்டாவது மாடித் தையற்காரர் தன் மனைவி குழந்தைகளோடு வந்திருந்தார். மூன்றாவது மாடி நர்ஸ் தன் அம்மாவோடு. கீழ்த் தளத்தில் இருக்கிற ரிட்டயர்டு பஸ் டிரைவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நாலு மாடியும் ஏற்றி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எழுபது வயது, முட்டி இரண்டும் போனவர். வாசலுக்கு வரவே யோசிக்கிற மனிதர்.

"வாங்கக்கா, நீங்களும் பாக்க வந்தீங்களா?" என்று தையற்காரர் இடம் விட்டார். "அதோ பாருங்க, மேல சிவப்பா இருக்கே, அதான் செவ்வாய். கீழ நிலா. ஏறிக்கிட்டே வருது. இன்னும் அரை மணியில பிடிச்சிடும்."

பிடிக்காது. நிலா ஒரே நாளில், கையை நீட்டிப் பிடித்த முஷ்டி அகலத்துக்கும் மேல் கிழக்கே தள்ளிப் போய்விடும் என்று அண்ணி எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இரண்டும் சேர்ந்துதான் ஏறிக்கொண்டிருந்தன. நடுவில் இருந்த இடைவெளி குறையவில்லை, கூடிக்கொண்டிருந்தது.

"அது நேத்து ராத்திரியே முடிஞ்சிடுச்சுங்க" என்றார் அண்ணி. குரல் பாதிதான் வெளியே வந்தது. "தேதி தப்பு. படிக்கட்டுல நோட்டீஸ் ஒட்டியிருந்துதே."

"அட, நீங்களும் அதப் பாத்து ஏமாந்துட்டீங்களா?" தையற்காரர் சிரித்தார். "எவனோ விஷமத்துக்கு எழுதி ஒட்டியிருக்கான்க்கா. நான்தான் கிழிச்சுப் போட்டேன். காலண்டர்ல தெளிவா அச்சடிச்சிருக்கே!"

டிரைவர் நாற்காலியில் இருந்தபடியே கையை உயர்த்தினார். "இந்தக் காலண்டர் தப்பாப் போடாதும்மா. நான் வேலையில இருந்தப்ப கடைசி டிரிப் முடிச்சு, வண்டிய டெப்போவுல விட்டுட்டு நடந்தே வருவேன். காலையில தாள்ல என்ன போட்டிருக்கோ அத வானத்துல பாத்துக்கிட்டே வருவேன். ஒரு நாள் தப்பினதில்ல."

அண்ணி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்தத் தடவ தப்பிடுச்சு ஐயா. நான்தான் எழுதுறேன். பதினேழு வருஷமா நான்தான் எழுதுறேன். ஆறுன்னு போட வேண்டியத ஏழுன்னு போட்டுட்டேன்."

"நீங்களா? நாலாவது மாடியில இருந்துக்கிட்டா?" என்றார் தையற்காரரின் மனைவி. அதெல்லாம் ஏதோ மெஷின் போடுகிறது என்று நினைத்ததாக நர்ஸ் சொன்னார். டிரைவர் மட்டும் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நல்லாத் தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது ஐயா."

"எப்படி இருந்துச்சு?"

அண்ணியால் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன். பொட்டு விளிம்பைத் தொட்டதையும் கரைந்ததையும் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அடுத்தது எப்ப வரும்?"

அண்ணி அட்டவணையைப் பார்க்கவே வேண்டியதில்லை. "இங்கேர்ந்து இப்படித் தெரியறதுக்கு ஒம்பது வருஷம் ஆகும் ஐயா."

"சரி" என்றார் டிரைவர். கோபமே இல்லை. சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி நிலாவைப் பார்த்தார்.

அந்த ஒரு "சரி"தான் அண்ணியை உடைத்தது. தேம்பித் தேம்பி அழுதார். அண்ணன் கையைப் பிடித்து எழுப்பினார். எழுந்தபோதுதான் அவர் சுற்றிலும் பார்த்தார், நானும் பார்த்தேன். எதிர் மாடியில் செல்போன் வெளிச்சத்தில் ஏழெட்டுத் தலைகள். அதற்குப் பக்கத்து மாடியில் இரண்டு பேர், பாயில் மல்லாந்து. அதற்கு அப்பால், தண்ணீர்த் தொட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்து ஒருவர். தெருக்கோடிவரை மாடிக்கு மாடி ஆட்கள். எல்லா முகமும் கிழக்கே.

அண்ணி கைப்பிடிச் சுவரிடம் ஓடினார். அச்சகத்தில் மெஷின் ஓடும்போதுகூடக் காதருகே வந்து மெல்லப் பேசுகிறவர். அந்த மனுஷி, தெருவே அதிரக் கத்தினார்.

"நேத்தே முடிஞ்சிடுச்சுங்க! இன்னைக்கு இல்ல! போய்ப் படுங்க!"

எதிர் மாடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. "யாரும்மா அது? கத்தாதீங்க, புள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்கு. காலண்டர்ல போட்டிருக்கு, வரும்."

"காலண்டர் தப்புங்க!" என்று கத்தினார் அண்ணி. தொண்டை கிழிந்துவிடும் போல இருந்தது. "தப்பு! நான் எழுதினது தப்பு!"

எந்த மாடியிலும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.